எண்பத்தெட்டாம் ஜாடியின் அலைகள்

எங்கள் காப்பகத்தின் மூன்றாம் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு மர ஏணி சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். பதிவேட்டில் அதன் எண் 2209. ஏதோ ஒரு மன்னன் கோட்டைச் சுவர் ஏறிய ஏணி என்று நினைத்துப் பார்வையாளர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அது குழாய் சரிசெய்ய வந்தவருடைய ஏணி. பொருள்களைச் சரிபார்த்து எண் போடும் நாளன்று அவர் ஏணியைக் கூடத்தில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். திரும்பி வருவதற்குள் எண் போட்டாகிவிட்டது. பதிவேட்டில் ஏறிய பொருள் வாசலைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் முதல் விதி. தாண்ட வேண்டுமென்றால் மூன்று பேர் கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். அந்த மூவரில் ஒருவருடைய பதவியை ஒழித்தே பல வருஷமாகிறது. குழாய்க்காரர் ஏழு வருஷம் மனு எழுதினார். பிறகு இறந்துபோனார். ஏணிக்கு வருஷா வருஷம் கரையான் மருந்து அடிக்கிறார்கள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததைப் படித்துவிட்டு, இப்படியும் நடக்குமா என்று யாரும் என்னிடம் வந்து கேட்கக் கூடாது.

நான் அங்கே கூட்டக் குறிப்பு எழுதுகிறவள். யார் என்ன பேசினார்களோ அதைக் கையால் எழுதிக்கொண்டு, அவர்கள் என்ன பேசியிருக்க வேண்டும் என்று மேலே இருப்பவர்கள் நினைக்கிறார்களோ அதைத் தட்டச்சு செய்து கொடுப்பது என் வேலை. பதினோரு வருஷமாகச் செய்கிறேன். இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

பசையண்ணன் என்று நாங்கள் கூப்பிட்டது கீழ்த்தளத்தில் உடைந்த பானைகளை ஒட்டுகிறவரை. முப்பத்து நான்கு வருஷமாக ஒரே அறை, ஒரே மேசை விளக்கு, மணல் நிரப்பிய ஒரே தட்டு. ஒட்டிய ஓட்டுத் துண்டை மணலில் நிறுத்திக் காயவிடுவார். அவர் விரல் நுனிகளில் பசை உலர்ந்து தோலோடு தோலாக இருக்கும். பேசும்போது அதை உரித்துக்கொண்டே இருப்பார். அதிகம் பேச மாட்டார். பேசினால் பொய் பேச மாட்டார். இந்த இரண்டாவது குணத்தை அவர் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம்.

அந்த மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. மறுநாள் காலையில் ரயில். வேறு ஊரில் இருந்த ஒரே மகள் எட்டு மாதக் கர்ப்பம். அண்ணனும் அண்ணியும் அங்கேயே போய் இருந்துவிடுவதாக ஏற்பாடு. அண்ணி பக்கத்துத் தெருவில் துணி தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தார். தினமும் சாயங்காலம் ஐந்தே காலுக்கு எங்கள் வாசலுக்கு வெளியே வந்து நிற்பார். இரண்டு பேரும் ஒரே பேருந்தில் போவார்கள். வீட்டுச் சாமான்களில் பாதியைக் கட்டியாகிவிட்டது. இனி பாக்கி காப்பகத்தின் விடுவிப்புப் படிவம் மட்டும்தான்.

அது சாதாரணப் படிவம் இல்லை. ஓய்வு பெறுகிறவர் தன் காலத்தில் தொட்ட ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி எழுத வேண்டும்: பொருளின் எண், அதற்கு என்ன செய்தார், அது இப்போது எங்கே இருக்கிறது. கடைசி வரி வரைக்கும் சரிபார்த்து முத்திரை விழுந்தால்தான் ஆளை விடுவிப்பார்கள். மற்றவர்கள் எல்லா வரியிலும் 'துடைத்தேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போனார்கள். பசையண்ணன் அறுநூற்றுப் பதினேழு பொருளுக்கும் நடந்ததை எழுதினார். எண்பத்தெட்டுக்கு நேராக அவர் எழுதியது: 'வயிற்றுப் பகுதியில் ஒன்றரைச் சாண் ஓடு இல்லை. பிளாஸ்டர் வைத்து அடைத்து, அலைக்கோடு ஐந்து போட்டேன்.'

எண்பத்தெட்டு என்பது ஒரு பழைய கிரேக்க ஜாடி. இடுப்பளவு உயரம், இரண்டு பிடி, கை நுழையாத சிறுத்த கழுத்து. அதன்மேல் ஒரு தேர், இரண்டு குதிரைகள், தலைகீழாக விழுகிற ஓர் ஆள். கீழே ஐந்து அலைக்கோடுகள். இருபது வருஷமாக இரண்டு பேராசிரியர்கள் அந்த ஐந்து கோடுகளுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரை நாங்கள் கடல் பேராசிரியர் என்போம். அவர் கட்சிப்படி கோடுகள், பைபிளில் மோசேக்கு வழிவிட்டுப் பிளந்த செங்கடல். விழுகிறவன், தப்பிப் போகும் அடிமைகளைத் துரத்திவந்த எகிப்து மன்னன் பார்வோனின் படைவீரன். மோசேயோடு எகிப்தை விட்டுக் கிளம்பியவர்களில் ஒரு கூட்டம் கப்பலேறிக் கிரேக்கத்துக்குப் போய், கண்ணால் கண்டதைப் பானையில் வரைந்து வைத்தது. ஆகவே பைபிளில் அந்தக் கதை வரும் யாத்திராகமத்துக்கு இந்த ஜாடியே சாட்சி. மற்றவர் தரைப் பேராசிரியர். அவர் கட்சிப்படி கோடுகள் தேர்ப் பந்தயத்தில் கிளம்பும் புழுதி. விழுகிறவன் ஓட்டத் தெரியாதவன். இதில் மோசேயும் இல்லை, கடலும் இல்லை. கடல் பேராசிரியர் மூன்று புத்தகங்கள் எழுதியிருந்தார். தரைப் பேராசிரியர் அந்த மூன்றையும் மறுத்து நான்கு எழுதியிருந்தார். ஒருவர் இருக்கும் மின்தூக்கியில் மற்றவர் ஏற மாட்டார்.

படிவம் மேலே போன மூன்றாம் நாள் இயக்குநர் பசையண்ணனைக் கூப்பிட்டார். குறிப்பெழுத என்னையும் கூப்பிட்டார்.

"இது என்ன எழுதியிருக்கீங்க?"

"செஞ்சதை எழுதியிருக்கேன் சார்."

"அலைக்கோடு போட்டேன்னு இருக்கு."

"ஆமா சார். புதுக் கூடம் திறக்கறதுக்கு முந்தின வாரம். அப்ப இருந்த இயக்குநர், ஓட்டை தெரியவே கூடாதுன்னுட்டாரு. நேர்கோடு போட்டா ஒட்டு காட்டிக் குடுத்துடும். வளைச்சுப் போட்டா கண்ணு ஏமாந்துடும். ஆனா எங்க வேலைல ஒரு முறை இருக்கு சார். அடைச்ச இடத்தை ஒரு சாயல் வெளுப்பா விடணும், கிட்டப் போய்ப் பார்க்கறவனுக்குத் தெரியணும்னு. அதையும் விட்டுத்தான் இருக்கேன். இருபத்திரண்டு வருஷத்துல யாரும் கிட்டப் போய்ப் பார்க்கல போல."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிறைய நேரம் துடைத்தார்.

"துடைச்சேன்னு மாத்தி எழுதிடுங்களேன்."

"துடைக்கலையே சார்."

அன்று சாயங்காலம் வாசலில் அண்ணியிடம் நான்தான் விஷயத்தைச் சொன்னேன். அண்ணி அண்ணனைப் பார்த்த பார்வையில் முப்பது வருஷக் குடித்தனம் இருந்தது.

"துடைச்சேன்னு எழுதினா கை தேஞ்சா போயிடும்? மனசு கேக்கலைன்னா நாளைக்குக் காலையில ஒரு துணியை எடுத்து நிஜமாவே ஒரு துடை துடைச்சுட்டு எழுதுங்க. பொண்ணு நாள எண்ணிட்டுக் கிடக்கா."

"நான் போட்ட கோடு அது. அதைப் போய் மூவாயிரம் வருஷத்துக் கடல்ங்கறாங்க. நாளைக்கு நம்ம பேரன் இதை நம்பிப் பரீட்சை எழுதணுமா?"

"முதல்ல அவன் பொறக்கட்டும். நீங்க பக்கத்துல இருங்க. பரீட்சையை அப்புறம் பார்த்துக்கலாம்."

அண்ணி சொன்னது எவ்வளவு சரி என்று அன்றைக்கு எங்கள் மூவரில் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. மறுநாள் ஆணைக்குழு அமைத்தார்கள்.

ஆணைக்குழு கூடியது இரண்டாம் தளத்தில், ஒரே ஒரு ஜன்னல் உள்ள அறையில். அந்த அறைக் கடிகாரம் எப்போதும் மூன்றே முக்காலைக் காட்டும். அதற்கும் பதிவேட்டில் எண் இருப்பதால் சாவி கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை. தலைவராக வந்தவர் இதற்கு முன் பதினான்கு ஆணைக்குழுக்களுக்குத் தலைமை தாங்கியவர். அவற்றில் ஒன்றுகூட முடிவுக்கு வந்ததில்லை என்பதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். முதல் நாள் அவர் பேசியதை நான் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

"இந்த ஆணைக்குழு உண்மையைத் தேடிக்கிட்டு வரல. உண்மை எங்களைத் தேடிக்கிட்டு வரும். அப்படி வரும்போது அது சரியான படிவத்துல, சரியான வழியா வருதான்னு பார்க்கத்தான் நாங்க உட்கார்ந்திருக்கோம். வழி தவறி வர்ற உண்மையை உள்ள விட்டா நாளைக்கு யார் வேணா உண்மையைத் தூக்கிட்டு வந்துடுவாங்க."

உறுப்பினர்களாக உட்கார்ந்திருந்த இரண்டு பேராசிரியர்களும் தலையாட்டினார்கள். அவர்கள் ஒரே நேரத்தில் தலையாட்டியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்குப் பயம் தட்டியது அப்போதுதான்.

பசையண்ணன் எழுந்து, படிவத்தில் எழுதியதையே மறுபடி சொன்னார். ஒரு துளி நீர் பட்டால் பிளாஸ்டர் கரையும், சுட்ட மண் கரையாது, ஈரப்பஞ்சு ஒன்று கொடுத்தால் இங்கேயே காட்டிவிடுவேன் என்றார்.

"பொருளை ஈரப்படுத்தறது விதி நாப்பத்தொண்ணுப்படி குத்தம்" என்றார் தலைவர்.

"அப்ப நான் பண்ணினதும் குத்தமா சார்?"

"நீங்க பண்ணியிருந்தா குத்தம். பண்ணலைன்னா, பண்ணினதாச் சொல்றது குத்தம். எதுன்னு ஆணைக்குழு இன்னும் முடிவு பண்ணல. பதட்டப்படாதீங்க."

கடல் பேராசிரியர் எழுந்தார். நல்ல உயரம், நல்ல குரல்.

"இந்த அலை பொய்யின்னா என்கிட்ட படிச்ச நாலு பேரோட பட்டம் பொய். அவங்க இன்னைக்கு நாலு பல்கலைக்கழகத்துல துறைத்தலைவர்கள். அவங்க குடுத்த பட்டம், அந்தப் பட்டம் வாங்கினவங்க குடுத்த பட்டம், எல்லாம் பொய். முன்னூறு அறிஞர்களை ஒரு மனுஷன் ஒரு தூரிகையால உண்டாக்கிட்டாருன்னு சொன்னா அறிவுள்ளவன் யாராவது நம்புவானா?"

தரைப் பேராசிரியர் உட்கார்ந்தபடியே சொன்னார்: "எனக்கும் இவருக்கும் இருபது வருஷப் பகை. இவர் எழுதினதுல ஒரு வரியைக்கூட நான் ஒத்துக்கிட்டதில்ல. ஆனா இந்தக் கோடே இல்லைன்னா நாங்க ரெண்டு பேரும் இத்தனை நாளா எதுக்குச் சண்டை போட்டோம்? அந்தக் கேள்வியை எங்களைப் பார்த்து யாரும் கேட்கக் கூடாது. அது நாகரிகமில்ல."

இப்படியே இரண்டு வாரம் போனது. அண்ணன் ஓய்வு பெற வேண்டிய நாள் வந்தது. படிவம் நிலுவையில் இருப்பதால் ஓய்வும் நிலுவையில் என்று ஒரு கடிதம் கொடுத்தார்கள். மறுநாள் ரயில் அவர்கள் இல்லாமல் போனது. கட்டி வைத்த சாமானில் இருந்து சமைக்கிற பாத்திரங்களை மட்டும் அவிழ்த்து எடுத்ததாக அண்ணி அப்புறம் சொன்னார்.

அண்ணனுக்கு ஒரே ஒரு ஆதாரம் பாக்கி இருந்தது. அதை அவர் மூன்றாம் வாரம் வெளியே எடுத்தார்.

"சார், அந்த ஜாடியை ரெண்டு பாதியா ஒட்டினேன். கீழ்ப்பாதில பிளாஸ்டர் வெச்சு, ராத்திரி காயட்டும்னு விட்டுட்டு வீட்டுக்குப் போனேன். காலையில துடைக்க வர்றவங்க தெரியாம கை வெச்சுடப் போறாங்கன்னு உள்பக்கத்துல ஆணியால ஒரு வரி கீறி வெச்சேன். வெளிப்பக்கம் வண்ணம் பூசணும், அதான் உள்ள. மறுநாள் மேல்பாதியை வெச்சு மூடிட்டேன். அந்த வரி இன்னும் உள்ளதான் இருக்கும். பார்த்துடுங்க. என் கையெழுத்து தெரியும்."

உள்ளே பார்ப்பது ஆணைக்குழுவின் வரம்புக்குள் வருமா என்று நான்கு அமர்வுகள் விவாதித்தார்கள். வரும் என்று முடிவானதும் பல் மருத்துவர் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் நீளக் கம்பி பிடித்த சின்னக் கண்ணாடி ஒன்றை ஜாடியின் கழுத்து வழியாக இறக்கினார். கண்ணாடியில் தெரிந்ததைப் புகைப்படக்காரர் படமெடுத்தார். படத்தைப் பெரிதாக்கி மேசைமேல் விரித்தார்கள். அதில் நிஜமாகவே இரண்டு சொற்கள் இருந்தன. யாருக்கும் வாசிக்க வரவில்லை.

"எழுத்து வலமிருந்து இடமாப் போகுது" என்றார் கடல் பேராசிரியர். அவர் குரல் நடுங்கியது. "எபிரேயம் வலமிருந்து இடமாத்தான் எழுதுவாங்க."

"ஆதிக் கிரேக்கர்களும் வலமிருந்து இடமா எழுதியிருக்காங்க" என்றார் தரைப் பேராசிரியர். அவர் குரலும் நடுங்கியது.

"கண்ணாடியில பார்த்தா எல்லாமே அப்படித்தான சார் தெரியும்?" என்றார் பசையண்ணன்.

"கண்ணாடி பத்தி ஆணைக்குழு முன்னாடி எந்த மனுவும் இல்ல" என்றார் தலைவர்.

படத்தின் பிரதிகள் ஆறு நிபுணர்களுக்குப் போயின. ஆறு பேரும் அறியப்படாத எழுத்து முறை என்று அறிக்கை அனுப்பினார்கள். அறிக்கைகளைக் கோப்பில் சேர்க்கும்போது படம் என் கையில் இருந்தது. அதைப் பின்பக்கமாகத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். 'காயவில்லை. தொடாதே.' ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகூட வாசித்துவிடும். கீழ்த்தளத்து மருந்துப் புட்டிகளில் தினமும் பார்க்கிற அதே கோணல் கையெழுத்து.

நான் தலைவரிடம் போனேன். போனேன் என்பதையாவது சொல்லிக்கொள்கிறேன். படத்தைத் திருப்பிப் பிடித்துக் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நீங்க குறிப்பு எழுதறவங்களா, சாட்சியா?"

நான் படத்தைக் கீழே இறக்கினேன்.

"சாட்சின்னா உங்க பேரையும் அந்தப் படிவத்துல ஏத்தணும். அவரோட சேர்த்து. யோசிச்சுச் சொல்லுங்க."

"குறிப்பு எழுதறவதான் சார்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

அடுத்த அமர்வில் படத்தை அண்ணன் கையிலேயே கொடுத்தார்கள், உங்களுக்கு ஏதாவது தெரிகிறதா என்று. அவர் அதைத் திருப்பக்கூட இல்லை. தான் எழுதியது தனக்குத் தெரியாதா? "காயவில்லை. தொடாதே" என்று ஒரே மூச்சில் வாசித்தார்.

கடல் பேராசிரியர் மெதுவாக எழுந்தார். "காயவில்லை. எது காயல? கடல். மோசேயோட போன இஸ்ரவேல் மக்களுக்குக் காய்ஞ்ச தரையாச்சு, துரத்தினவங்களுக்குக் காயல. தொடாதே. எதைத் தொடக் கூடாது? சீனாய் மலையைத் தொடாதேன்னு மக்களுக்கு வந்த கட்டளை யாத்திராகமத்துலயே இருக்கு. ரெண்டே வார்த்தையில மொத்தக் கதையும் இருக்கு."

"கதையே வேண்டாம்" என்றார் தரைப் பேராசிரியர். "எந்தப் பட்டறையிலயும் ஈரம் காயாத பானையில கை வெக்காதேன்னு சொல்லுவாங்க. வேலை செஞ்சவன் மத்தவனுக்கு எழுதி வெச்ச குறிப்பு. அவ்வளவுதான்."

பசையண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "ஆமா சார். அதேதான் சார். கிட்ட வந்துட்டீங்க."

"கிரேக்கக் குயவன்" என்று முடித்தார் தரைப் பேராசிரியர்.

"இல்ல சார், நான்."

தலைவர் மேசையைத் தட்டினார். "ஆறு நிபுணர்களால வாசிக்க முடியாததை இவர் வாசிக்கறாரு. இந்த எழுத்தை எங்க கத்துக்கிட்டீங்க?"

"எங்கம்மா சொல்லிக் குடுத்தாங்க சார். பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடியே."

'தாய்வழி வந்த எழுத்தறிவு' என்று எழுதச் சொன்னார் தலைவர். எழுதினேன்.

"உங்களைத் தவிர இதை வாசிக்கத் தெரிஞ்சவங்க இந்தக் கட்டடத்துல வேற யாராவது இருக்காங்களா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்கு வாசிக்கத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். முந்தின நாள் நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். நான் குனிந்து குறிப்புப் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினேன். அவர் கொஞ்ச நேரம் விரலில் இருந்த பசையை உரித்தார்.

"தெரியல சார்" என்றார். அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அதுதான். எனக்காகச் சொன்னது.

மறுநாள் தீர்மானத்தை நான் தட்டச்சு செய்தேன். ஜாடியில் உள்ள அலைக்கோடுகளும் உள்ளே உள்ள வரியும் பழமையானவை. அந்த வரியை வாசிக்கத் தெரிந்த ஒரே நபர் இல்லாமல் ஜாடி முழுமை பெறாது. ஆகவே அந்த நபர் ஜாடியின் பிரிக்க முடியாத பகுதி. ஜாடி எண் 88. நபர் எண் 88-அ. இரண்டு பேராசிரியர்களும் ஒரே பேனாவை மாற்றி மாற்றி வாங்கிக் கையெழுத்திட்டார்கள்.

பதிவேட்டு அலுவலர் கீழ்த்தளத்துக்கு வந்து அண்ணனை அளந்தார். உயரம், அகலம், எடை. நிலை அறிக்கை என்று ஒரு தாள் உண்டு. எல்லாப் பொருளுக்கும் எழுதுவது. 'கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்று இல்லை. இடது கட்டைவிரலில் பழைய வெட்டு. ஒட்டு வேலை எதுவும் காணப்படவில்லை. மொத்தத்தில் நல்ல நிலை.' அண்ணன் அதைத் தன் மருத்துவப் பரிசோதனை என்று நினைத்து, சட்டையைக் கழற்றிக்கொண்டு ஒத்துழைத்தார். கடைசியில் விடுவிப்புப் படிவத்தையே நீட்டினார்கள். எண்பத்தெட்டுக்கு நேராக முத்திரை விழுந்திருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"முடிஞ்சுதா சார்?"

"முடிஞ்சுது. பணியாளர் பட்டியல்லேர்ந்து உங்க பேரை எடுத்தாச்சு" என்றார் அலுவலர். அது உண்மைதான். எங்கள் காப்பகத்தில் ஒரு பட்டியலில் இருந்து எடுத்ததை இன்னொரு பட்டியலில் வைத்தாக வேண்டும்.

சாயங்காலம் ஐந்தே கால். அண்ணி வெளியே நின்றிருந்தார். அண்ணன் கையில் ஒரு பையோடு, பதினோரு வருஷத்தில் நான் பார்க்காத வேகத்தில் வாசலுக்கு நடந்தார். வாசல் காவலர் அவரோடு இருபது வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டவர். அவர் கையில் அன்றைய பொருள் பட்டியல் இருந்தது. அதைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், மறுபடி பட்டியலைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க தாண்ட முடியாது."

"விளையாடாதப்பா. அவ நிக்கறா பாரு."

"எண் போட்டிருக்குண்ணே. மூணு கையெழுத்துச் சீட்டு இல்லாம நீங்க வெளிய போனா திருட்டுக் கேஸ் ஆயிடும்."

"யார் எதைத் திருடினா?"

"நீங்க உங்களைத் திருடினதா ஆகும்ண்ணே. என் மேலயும் வரும், உடந்தைன்னு."

அண்ணி கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "பையையாவது குடுத்தனுப்புங்க, துவைக்கணும்" என்றார். பைக்கு எண் இல்லாததால் அது வெளியே போனது.

இப்போது மூன்றாம் கூடத்தில் ஜாடிக்கு வலப்பக்கம் அவருக்கு ஒரு நாற்காலி. முன்னால் கயிறு. கயிற்றில் 'தொடாதீர்கள்' என்று ஒரு பலகை. இடப்பக்கம் ஏணி. வேளாவேளைக்குச் சாப்பாடு வருகிறது, வாரத்துக்கு ஒருமுறை தூசு தட்டுகிறார்கள். பார்வை நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. திங்கள் விடுமுறை. அண்ணி பட்டறையில் நேரத்தை மாற்றிக்கொண்டு, திங்கள் தவிர்த்து மற்ற நாள்களில் மதியம் வருவார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, வீட்டு விஷயங்களைச் சின்னக் குரலில் சொல்வார். மற்ற பார்வையாளர்கள் அவரை விளக்கம் சொல்கிறவர் என்று நினைத்துக்கொண்டு கூட நின்று கேட்பார்கள்.

மகளுக்குக் குழந்தை பிறந்தது ஒரு திங்கட்கிழமை. அண்ணி செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கே வந்துவிட்டார். போனில் படம் வந்திருந்தது. கயிற்றுக்கு மேலே கையை நீட்டிப் படத்தைக் காட்டினார். அண்ணனுக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடி கீழ்த்தளத்திலேயே தங்கிவிட்டது; நன்றாகத் தெரியவில்லை. எழுந்து இரண்டடி முன்னால் வந்தார். மணி அலறியது. காவலர் ஓடி வந்தார். அண்ணன் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பொண்ணா, பையனா?"

"பொண்ணு. உங்க மூக்கு."

அண்ணன் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளும் பென்சிலும் கேட்டார். கொடுத்தேன். முழங்கால்மேல் வைத்து, அந்தக் கோணல் கையெழுத்தில் ஒரு வரி எழுதி, இயக்குநரிடம் கொடுக்கச் சொன்னார். 'என்னைப் போகவிடுங்கள்.'

88-அ புதிதாக எழுதியிருக்கிறது என்ற செய்தி அரை மணி நேரத்தில் கட்டடம் முழுக்கப் பரவியது. இரண்டு பேராசிரியர்களும் ஒரே மின்தூக்கியில் வந்து இறங்கினார்கள். தலைவர் மூச்சிரைக்க வந்தார். தாளைக் கண்ணாடிக்கு முன் பிடித்துப் படமெடுத்து, ஆற அமர வாசித்தார்கள். கடல் பேராசிரியருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இதே வார்த்தை. யாத்திராகமத்துல மோசே பார்வோன் முன்னாடி போய் நின்னு கேட்டது இதேதான். போகவிடு. இருபது வருஷமா இதுக்குத்தான் காத்திருந்தேன்."

"எல்லா நாட்டு அடிமையும் கேட்டதுதான்" என்றார் தரைப் பேராசிரியர். "கிரேக்கத்துலயும் அடிமைங்க இருந்தாங்க. அவங்களும் கேட்டிருப்பாங்க."

ஆணைக்குழுவின் காலத்தை நீட்டிப்பது என்று அங்கேயே பேச ஆரம்பித்தார்கள். அண்ணி கயிற்றோரமாக அவர்கள் பக்கத்தில் வந்து நின்றார். கையில் போன் திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"அதுக்கு அந்தப் பார்வோன் என்ன சொன்னாரு சார்?"

கேள்வி கேட்ட முதல் பார்வையாளர் என்பதால் கடல் பேராசிரியர் மகிழ்ந்துபோனார். "விடலம்மா. பத்து வாதை வந்து ஊரே அழிஞ்சது, அதுவரைக்கும் அவன் மனசு இளகல. கடைசியா விட்டான். விட்டுட்டு, மனசு மாறி, படையோட துரத்திக்கிட்டு வந்தான்."

"அதுல எனக்கும் மாற்றுக் கருத்து இல்ல" என்றார் தரைப் பேராசிரியர்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "ஒருமனதாகன்னு எழுதிக்குங்கம்மா."

எழுதிக்கொண்டேன்.